கம்பெனி நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போடலாமா?

காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவர் யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றித் தருகிறேன்.

வயது 30. கல்லூரிக் கடைசி ஆண்டில், 2016-ல், இணையதளம் செய்பவர்களுக்காக ஒரு சின்னக் கருவியை எழுதத் தொடங்கினார். ஒரு பக்கத்தில் எதற்கும் பயன்படாமல் குவிந்துகிடக்கும், பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் விதிகளைத் தேடிப்பிடித்து நீக்கி, பக்கம் சீக்கிரம் திறக்க வைப்பது அதன் வேலை. 2017-ல், யாரும் இலவசமாகப் பயன்படுத்த அனுமதிக்கும் எம்ஐடி உரிமத்தின் கீழ், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்திலும் நிரல்பொதிகளை வெளியிடும் என்பிஎம் தளத்திலும் வெளியிட்டார். இன்றைக்கு முகம் தெரியாத எத்தனையோ பேரின் திட்டங்களில் அது ஓடுகிறது. நாற்பது பேர் வரை அதில் கோடு, அதாவது கணினி நிரல், எழுதிச் சேர்த்திருக்கிறார்கள்.

2018-ல் பெங்களூரு கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். இப்போது சம்பளம் மாதம் 95,000. கொரோனா காலத்திலிருந்து பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை. 2021-ல் அந்தக் கம்பெனியே ஒரு புராஜெக்டில் இவர் கருவியைப் பயன்படுத்த ஆரம்பித்தது. அதற்காக ரிப்போர்ட் தயாரிக்கும் ஒரு பகுதியை இவர் புதிதாக எழுதிச் சேர்த்தார். போன வாரம் எச்.ஆர். துறையிலிருந்து ஒரு காகிதம் வந்திருக்கிறது: “பணிக்காலத்திலும் அதற்கு முன்பும் நான் உருவாக்கிய மென்பொருள்களின் முழு உரிமையும் நிறுவனத்துக்கே.” பத்து நாளில் கையெழுத்து வேண்டுமாம்.

இதே நேரத்தில் ஜெர்மனியில் ஒரு நிறுவனம், கருவியைத் தொடர்ந்து பராமரித்துத் தந்தால் மாதம் நம் பணத்தில் 1,20,000 தருகிறேன் என்கிறது. பெயர் சொல்லாத இன்னொருவர், என்பிஎம்-மில் புதுப் பதிப்பு வெளியிடும் அதிகாரத்தை மட்டும் கொடுத்தால் மூன்று லட்சம் தருகிறேன் என்கிறார். வீட்டிலோ அப்பா, “ஊருக்கு உழைச்சது போதும், குரூப் டூ எழுது” என்கிறார். மாந்தோப்பின் மேல் வாங்கிய கடனும் நிற்கிறது. “இலவசமாகக் கொடுத்துவிட்ட பொருளில் எனக்கு என்ன உரிமை இருக்கப்போகிறது? கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமா, வேலையை விட்டுவிடலாமா?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

தம்பி, முதலில் ஒன்று. அந்தக் காகிதத்தில் இந்த வாரம் கையெழுத்துப் போடாதீர்கள். எச்.ஆர். போர்ட்டலில் ‘ஏற்கிறேன்’ என்று ஒரு பொத்தான் இருந்தால் அதையும் அழுத்தாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 வந்த பிறகு மின்கையொப்பத்துக்கும் சட்ட மதிப்பு உண்டு. வேலையை விடுவதா இல்லையா என்பதைப் பொறுமையாக முடிவு செய்யலாம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உரிமையைத் திரும்பப் பெறுவதுதான் கஷ்டம்.

இலவசமாகக் கொடுத்தாலும் உரிமை உங்களுடையதுதான்

உங்கள் கடிதம் முழுவதும் ஒரு தவறான எண்ணம் ஓடுகிறது. நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டு ஓப்பன் சோர்ஸ் ஆக்கிவிட்டால் பொருள் கைவிட்டுப் போய்விட்டது என்று நினைக்கிறீர்கள். நம் பக்கத்தில் சொந்தக் கிணற்றில் ஊரார் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம் என்று விடுபவர்கள் உண்டு. அதனால் பட்டா மாறிவிடுவதில்லை. எம்ஐடி உரிமமும் அப்படித்தான். யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்கக் கூடாது என்பதே நிபந்தனை. உங்கள் பெயர் அதில் இருக்கிறது, பாருங்கள். பதிப்புரிமையை வைத்துக்கொண்டிருக்கிறவரால்தான் அந்த அனுமதியையே கொடுக்க முடியும்.

பதிப்புரிமைச் சட்டம் 1957, கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகையில் சேர்த்திருக்கிறது. எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடும். எங்கும் பதிவு செய்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த உரிமை உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நிற்கும்.

கம்பெனிக்கு இதில் எங்கே இடம் வருகிறது என்றால், பிரிவு 17-ல். வேலையின் ஒரு பகுதியாக ஊழியர் எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதலாளிதான் முதல் உரிமையாளர். 2016-லிருந்து வேலையில் சேரும்வரை எழுதியது இந்தப் பிரிவுக்குள் வரவே வராது. அதைக் கம்பெனி தன்னுடையது என்று சொல்ல வேண்டுமானால் நீங்கள் எழுத்தில் கையெழுத்திட்டு மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும். பிரிவு 19 அப்படித்தான் சொல்கிறது. எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு என்பதும் அந்த எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இப்போது வந்திருக்கும் காகிதத்தில் “அதற்கு முன்பும்” என்ற வார்த்தை ஏன் நுழைந்தது என்று புரிகிறதா? அந்த ஒரு கையெழுத்து இல்லாமல் பழைய கோடு அவர்களிடம் போகாது.

சிக்கல் எங்கே என்றால்

“வீட்டில், ராத்திரியில், என் சொந்த லேப்டாப்பில் எழுதினேன், அதனால் எல்லாம் என்னுடையது” என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பகுதிக்கு இது உங்கள் பக்கம் பலமான வாதம்தான். ஆனால் நீங்கள் அனுப்பிய கிட் பதிவின் (யார், எப்போது, என்ன மாற்றினார் என்று காட்டும் பட்டியலின்) அச்சுப்பிரதியைப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். 2020 முடிய எல்லா வரியிலும் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஜிமெயில் முகவரி. நேரம் ராத்திரி பத்து, பதினொன்றுக்கு மேல், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை. 2021 மார்ச்சில் அது மாறுகிறது. அலுவலக மின்னஞ்சல் முகவரி வருகிறது. நேரம் காலை 11:20, மதியம் 3:05. ஆகஸ்டுக்குப் பிறகு திரும்பவும் ஜிமெயில், திரும்பவும் ராத்திரி.

இந்த ஆறு மாதம்தான் உண்மையான வழக்கு. ரிப்போர்ட் பகுதியைக் கம்பெனியின் புராஜெக்டுக்காக, கம்பெனி நேரத்தில், கம்பெனி மெஷினில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பகுதியில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொல்ல நிறைய வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அதை வைத்து முழுக் கருவியையும் கேட்க முடியாது.

கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருக்கிறீர்கள்: அப்போதைய மேனேஜர், “பொதுவிலேயே போட்டுவிடு, நமக்கும் பராமரிப்பு மிச்சம்” என்று அலுவலகச் சாட்டில் சொன்னாராம். இதற்கு நீங்கள் ஒரு பத்தி ஒதுக்கியிருக்க வேண்டும்! எம்ஐடி உரிமத்தில் வெளியிடக் கம்பெனியே சம்மதித்தது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்றால், “அன்று நீங்கள் சொன்னபடிதான் வெளியிட்டேன், உறுதிப்படுத்த முடியுமா” என்று மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வாங்குங்கள். கம்பெனிக் கோப்புகளை மொத்தமாக உங்கள் சொந்த முகவரிக்கு அனுப்பிவிடாதீர்கள். அது ரகசியத்தை வெளியே கொண்டுபோனதாகத் திரும்பும்.

இன்னொரு எச்சரிக்கை. கிட்டில் பழைய பதிவுகளைத் திருத்தி எழுத முடியும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அலுவலக முகவரியை ஜிமெயிலாக மாற்றிவிடலாமா என்று ஒரு நிமிடம்கூட யோசிக்காதீர்கள். கருவியின் நகல்கள் உலகம் முழுக்கக் கிடக்கின்றன. ஒப்பிட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். அதற்குப் பதிலாக கருவியின் முழுக் களஞ்சியத்தையும் இன்றைய தேதியில் அப்படியே நகலெடுத்து, ஹாஷ் மதிப்புடன் (கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் காட்டிக்கொடுக்கும் எண்) ஒரு பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம், பிரிவு 63-ன்படி மின்னணு ஆவணத்துக்குத் தரும் சான்றிதழில் ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். வழக்கு வரை போகாது என்றே நினைக்கிறேன். போனால் இது கைகொடுக்கும்.

அப்புறம் உங்கள் பழைய வேலை ஒப்பந்தம். 2018-ல் கையெழுத்திட்டதை “தேடிக்கொண்டிருக்கிறேன்” என்கிறீர்கள். அதுதான் எனக்கு முதலில் வேண்டும். “பணிக்காலத்தில் உருவாக்கும் எல்லாமே நிறுவனத்துடையது” என்ற வரி அதில் இருந்தால் நிலைமை கொஞ்சம் இறுகும். இனிமேல் எழுதப்போகும் படைப்பையும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. “பணி தொடர்பாக” என்று மட்டும் இருந்தால் ராத்திரியில் எழுதியது உங்களுக்கே. வீட்டில் கிடைக்கவில்லை என்றால் எச்.ஆர்.-இடமே நகல் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.

எச்.ஆர்.-க்கு என்ன பதில் எழுதுவது

சண்டை வேண்டாம். மறுக்கிறேன் என்றும் எழுத வேண்டாம். மூன்று விஷயம் எழுதுங்கள். ஒன்று, இந்தக் கருவி நான் வேலையில் சேர்வதற்கு முன்பே வெளியானது, முதல் பதிப்பின் தேதி இது. இரண்டு, இதில் நாற்பது பேர் வரை எழுதியிருக்கிறார்கள். அவரவர் எழுதிய வரிகளின் உரிமை அவரவரிடமே இருக்கிறது. அதனால் முழு உரிமையையும் மாற்றித் தருகிறேன் என்று நான் எழுதினால் அது பொய்யான உறுதிமொழி ஆகிவிடும். மூன்று, இந்தக் கருவியை முன்படைப்பு என்று பெயர் சொல்லி விலக்கிவிட்டு, மற்றபடி கம்பெனி வேலைக்காக எழுதியதற்குக் கையெழுத்திடத் தயார். ரிப்போர்ட் பகுதியைப் பற்றித் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

இரண்டாவது விஷயம் உங்களுக்குப் பெரிய பலம். கம்பெனியின் சொந்த வக்கீலே அதைப் படித்தால் பின்வாங்குவார். இப்படிக் காகிதங்கள் பல சமயம் எல்லா ஊழியருக்கும் ஒரே அச்சில் போகிறவை. நியாயமான விலக்குக் கேட்டால் தருகிறார்கள். ரிப்போர்ட் பகுதியில் பிடிவாதம் பிடித்தார்கள் என்றால் அதை மட்டும் வெளியே எடுத்துவிடலாம். கருவி அது இல்லாமலும் ஓடும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஏற்கெனவே எம்ஐடி உரிமத்தில் வாங்கிப் பயன்படுத்துகிறவர்களைப் பழைய பதிப்புகளை நிறுத்தச் சொல்வது மட்டும் யாராலும் எளிதில் ஆகாது.

“வேலையை விட்டால் இரண்டு வருடம் இதே துறையில் இருக்கக் கூடாது என்று போட்டிருக்கிறார்கள்” என்றும் பயப்படுகிறீர்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27-ன்படி ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. வேலையில் இருக்கும்போது வேறு வேலை பார்க்கக் கூடாது என்ற நிபந்தனை செல்லும். வெளியேறிய பிறகு போட்டித் தொழில் கூடாது என்பது செல்லாது. அதற்காக நோட்டீஸ் காலத்தை மதிக்காமல் கிளம்பிவிடாதீர்கள். சம்பளம் வாங்கிக்கொண்டே ஜெர்மன்காரர்களிடம் பணம் வாங்குவதும் வேண்டாம். இன்று உங்கள் கை சுத்தமாக இருக்கிறது. அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று லட்சக்காரர்

இவருக்குப் பதிலே போடாதீர்கள்.

2018-ல் ஈவன்ட்-ஸ்ட்ரீம் என்ற என்பிஎம் பொதியை அதை எழுதியவர், பராமரிக்க நேரமில்லாததால், உதவ முன்வந்த ஒரு முகம் தெரியாத ஆளிடம் ஒப்படைத்தார். வந்தவர் அதன் வழியாக, பிட்காயின் பணப்பையைத் திருடும் கோடு கொண்ட இன்னொரு பொதியை உள்ளே இழுத்துவிட்டார். 2024-ல் லினக்ஸ் இயங்குதளங்களில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியிலும் ஏறக்குறைய இதே கதை. இரண்டு வருடத்துக்கு மேல் நல்லவர்போல உழைத்து, பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, ரகசியமாக உள்ளே நுழைய ஒரு பின்கதவு வைத்தார்கள். உங்களிடம் கோடைக் கேட்கவில்லை, அது எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. வெளியிடும் அதிகாரத்தை மட்டும் கேட்கிறார் என்றால், உங்கள் பெயரை நம்பி அப்டேட் போடுகிற ஆயிரம் கணினிகளுக்குள் நுழையும் வழியைக் கேட்கிறார். நாளை ஏதாவது நடந்தால் விசாரணை உங்கள் வங்கிக் கணக்கில் விழுந்த மூன்று லட்சத்திலிருந்துதான் தொடங்கும். என்பிஎம் கணக்கில் இரண்டடுக்குப் பாதுகாப்பை இன்றே போடுங்கள்.

ஜெர்மன் நிறுவனம்: நன்கொடை அல்ல, கட்டணம்

இது நல்ல வாய்ப்பு என்றே எனக்குப் படுகிறது. அவர்கள் ஏன் இப்போது கேட்கிறார்கள் என்பதற்கு ஒரு காரணம் இருக்கலாம். மென்பொருள் உள்ள பொருள்களின் பாதுகாப்புக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2024 டிசம்பரில் அமலுக்கு வந்தது. பாதுகாப்புக் குறைகளை அறிவிக்கும் கடமை 2026 செப்டம்பர் 11 முதலும், பெரும்பாலான மற்றக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதலும் பொருந்தும். தங்கள் பொருளுக்குள் இருக்கும் ஓப்பன் சோர்ஸ் பாகங்களுக்கும் தயாரிப்பாளர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே பாகத்தை எழுதியவரே பராமரித்தால் அவர்களுக்கு நிம்மதி. பேரம் பேசும்போது இது உங்கள் மனதில் இருக்கட்டும்.

அதே காரணத்தால் ஒப்பந்தத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். எம்ஐடி உரிமத்தில் “உள்ளது உள்ளபடி, உத்தரவாதம் இல்லை” என்ற வாசகம் உங்களைக் காக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு தனியாக உத்தரவாதம் எழுதிக்கொடுத்தால் அந்தப் பாதுகாப்பு தேய்ந்துவிடும். தயாரிப்பாளரின் சட்டப் பொறுப்பு உங்கள் தலையில் இறங்கக் கூடாது. இழப்பீடு என்று வந்தால் நீங்கள் ஒரு வருடத்தில் வாங்கிய கட்டணத்துக்கு மேல் போகாது என்று உச்சவரம்பு போடுங்கள். கருவியின் உரிமை உங்களிடமே என்று எழுதுங்கள். நிறுத்துவதானால் இரண்டு பக்கமும் மூன்று மாத அறிவிப்பு.

“நன்கொடை மாதிரி வாங்கிக்கொண்டால் வரி கிடையாதாமே” என்று நண்பர் சொன்னதை மறந்துவிடுங்கள். உறவினர் அல்லாதவரிடமிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக வாங்கினாலும் அது வருமானம்தான். வெளிநாட்டு நன்கொடை என்றால் அயல்நாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின் கேள்விகளும் கூடவே வரும். செய்த வேலைக்குக் கட்டணம் என்று ஒப்பந்தமும் இன்வாய்ஸும் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு வரவுக்கும் வங்கியிடம் அந்நியச் செலாவணிச் சான்று வாங்கி வையுங்கள். மாதம் 1,20,000 என்றால் ஆண்டுக்கு 14,40,000. ஜிஎஸ்டி பதிவுக்கான 20 லட்ச வரம்புக்குக் கீழேதான். இரண்டாவது வாடிக்கையாளர் வந்தால் தாண்டிவிடும், அதை எதிர்பார்த்தே இருங்கள். முன்கூட்டிய வரியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்களே கட்ட வேண்டும். கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ ஏற்றுமதிக் கணக்குப் பார்க்கும் ஆடிட்டர் ஒருவரை முதல் இன்வாய்ஸுக்கு முன்பே பிடித்துவிடுங்கள்.

95,000-த்தை விட 1,20,000 பெரியது என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். கம்பெனி உங்களுக்காகப் பி.எஃப்.-ல் போடும் பங்கு நின்றுவிடும். அப்பா, அம்மாவுக்கு இருக்கும் குழு மருத்துவக் காப்பீடும் போய்விடும். அந்த வயதில் தனியாக எடுத்தால் பிரீமியம் கனமாக இருக்கும், ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலமும் உண்டு. வேலையில் இருக்கும்போதே அந்தப் பாலிசியை எடுத்துவிடுங்கள். இதையெல்லாம் கழித்தால் இரண்டு தொகையும் கிட்டத்தட்டச் சமம்தான். ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பி இறங்குகிறீர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்த வழியில் வாழ்ந்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். இணையப் பக்கங்கள் செய்ய உதவும் வ்யூ ஜேஎஸ்-ஸை 2014-ல் வெளியிட்ட எவன் யூ, 2016-ல் முழுநேரமாக அதிலேயே இறங்கி, ஆதரவாளர்கள் தந்த பணத்தில் நின்றார். எதிர்ப்பக்கமும் உண்டு. உலகம் முழுக்கப் பயன்படுகிற பேபெல் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவியின் குழுவே 2021-ல் பணம் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டி வந்தது. பயன்படுத்துகிறவர்கள் எண்ணிக்கை சோறு போடாது. கையெழுத்தான ஒப்பந்தம் போடும். அதனால் என் யோசனை: ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகு, ஆறு மாத வீட்டுச் செலவும் தோப்புக் கடனின் தவணைகளும் தனியாக எடுத்துவைத்த பிறகு ராஜினாமா. அதற்கு முன் வேண்டாம்.

அப்பா சொல்வது

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பத்து வருடமாக மகன் ராத்திரியெல்லாம் கண் விழிப்பதைப் பார்க்கிறார், அதிலிருந்து ஒரு ரூபாய் வீட்டுக்கு வந்ததைப் பார்க்கவில்லை. குரூப் டூ எழுதுவது உங்கள் விருப்பம். ஆனால் அரசு வேலையும் இந்தக் கருவியின் வருமானமும் ஒன்றாகப் போகாது. தனித் தொழிலுக்கு அரசின் முன் அனுமதி வேண்டும். அரசு ஊழியர் வெளிநாட்டுப் பங்களிப்பு வாங்க 2010-ம் ஆண்டு அயல்நாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின் பிரிவு 3 தடை விதிக்கிறது. வேலை கிடைத்தால் கருவியை வருமானம் இல்லாமல்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். இதை அப்பாவிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். ஜெர்மன் நிறுவனம் ஒப்பந்த வரைவை அனுப்பியதும் தொகை, காலம், அறிவிப்பு மாதம் எல்லாவற்றையும் தமிழில் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். கடன் வாங்கிய காகிதத்தை வரி வரியாகப் படித்த மனிதர், இதையும் படிப்பார்.

பத்து நாள் கெடுவில் ஏற்கெனவே சில நாள் போய்விட்டது. எச்.ஆர்.-க்கான பதிலை நாளை காலைக்குள் அனுப்பிவிடுங்கள். 2018 ஒப்பந்தம் கிடைத்ததும் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். அந்த ஒரு வரி என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.